அருவிக்குள் உட்கார்ந்த அம்மா

ஃபிலிம் துண்டு ஒன்று ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

லிஃப்ட் மெக்கானிக் தரையில் கன்னத்தை ஒட்டிப் படுத்து, வேலைக்குக் கொண்டுபோகும் டார்ச்சை அடித்துப் பார்த்தார். தூசிக்கு நடுவே தபால்தலை அளவில் ஏதோ மின்னியது. கை எட்டவில்லை.

"எத்தனை விழுந்துச்சு?" என்று கேட்டாள் அவர் மனைவி. பிரசவ வார்டில் நர்ஸ். காலை ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள்.

"பெட்டியே விழுந்துச்சு."

"எந்தப் பெட்டி?"

"தலைவரோட பெட்டி."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முப்பரிமாணப் படச் சங்கத்தில் தலைவரையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர். ஒரே காட்சியை இரண்டு கண்ணுக்கு உள்ள இடைவெளி விட்டு இரண்டு முறை எடுப்பார்கள். அந்த இரண்டு ஃபிலிம் துண்டுகளையும் ஓர் அட்டைச் சட்டத்தின் இரண்டு ஜன்னல்களில் செருகி, இரட்டைக் கண்ணாடி வைத்த வியூவருக்குள் போட்டுப் பார்த்தால் தட்டையான இரண்டு படமும் ஒன்றாகிவிடும். கையை உள்ளே விட்டு எடுக்கலாம் போல ஓர் ஆழம் திறக்கும். சட்டங்களை மரப்பெட்டியில் அடுக்கி, ஒருவர் பார்த்துக் கருத்து எழுதி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் சங்கம்.

இந்த முறை சுற்றுக்கு வந்தது தலைவர் எடுத்த ஐந்து படங்கள். அடுத்த மாதம் பெரிய திரையில் காட்டப்போகிறவை. ஐந்து பேர் பார்த்தாகிவிட்டது. ஏழாம் எண்ணான லிஃப்ட் மெக்கானிக்தான் கடைசி. நாளை ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெட்டி தலைவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கேயே இன்னொன்றும் முடிவாகும். ஒரு வருடச் சோதனைக் காலம் முடிந்து அவர் நிரந்தர உறுப்பினரா, இல்லையா என்பது.

நிரந்தரம் என்றால் அவருடைய படம் ஒன்றும் பெரிய திரையில் ஏறும். எந்தப் படம் என்பதை அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். பதினேழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றை உச்சியிலிருந்து கீழே பார்த்து எடுத்தது. அதை இதுவரை மனைவி மட்டும்தான் பார்த்திருக்கிறாள். பார்த்தவள் வியூவரைக் கீழே வைத்துவிட்டு, "இங்கயா தினமும் நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அன்று முழுக்க அவள் வேறெதுவும் பேசவில்லை. ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் கிடைக்காது என்று அவர் நினைத்தார்.

ஆனால் சங்கத்துக்கு விதிகள் உண்டு. ஃபிலிம் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டக்கூடாது, மயிரிழை அளவு நகர்த்திச் சரிசெய்வதில் தலைவருக்கு ஒரு சுகம். பெட்டிக்குச் சேதம் விளைவித்தவர் அன்றோடு வெளியே. போன வருடம் பேக்கரிக்காரர் ஒரு ஃபிலிமில் வெண்ணெய்க் கட்டைவிரலைப் பதித்துவிட்டார். விசாரணை எதுவும் இல்லை. ரேகையைப் பெரிதாக்கி அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார் தலைவர், அவ்வளவுதான்.

"பார்க்கறதுக்கு முன்னாடியே கீழ போட்டுட்டீங்களா?"

"மூடியைத் திறந்தேன். கொக்கி சட்டையில மாட்டிக்கிச்சு."

"சரி விடுங்க. மத்ததெல்லாம் அதது சட்டத்துப் பக்கத்துலதானே கிடக்கு? ஒண்ணுதானே உள்ள போயிருக்கு. ஃபிரிட்ஜை நகர்த்துங்க."

மற்ற ஒன்பது துண்டுகளையும் அதனதன் சட்டத்தின் மேலேயே வைத்து, மேசையில் வரிசையாக அடுக்கினாள் அவள். அவர் ஃபிரிட்ஜை நகர்த்தினார். அதன் பின்னாலிருந்த தட்டில் தேங்கிய தண்ணீர் தளும்பி, ஃபிலிம் துண்டின் மேல் நேராகக் கொட்டியது.

"நனைஞ்சுபோச்சு," என்றார்.

"பிறந்த குழந்தையே நனைஞ்சுதாங்க வருது. அலசிக் காய வெச்சா சரியாயிடும்."

நர்ஸின் கை பக்குவமாக அலசியது. துணி போடும் கிளிப்பில் ஓரத்தைக் கவ்வித் தொங்கவிட்டாள். சீக்கிரம் காயட்டுமே என்று அவர் ஸ்விட்சைத் தட்டினார்.

மேசைக்கு நேர் மேலே இருந்தது மின்விசிறி.

ஒன்பது துண்டுகளும் ஒரே சமயத்தில் எழும்பின. ஒன்று அவர் காதோரம் போனது. ஒன்று கழுவும் தொட்டியில் இறங்கியது. இரண்டு அவள் கொண்டையில் போய் உட்கார்ந்தன. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விசிறியை நிறுத்தவேண்டும் என்பதுகூட அவள் சொன்ன பிறகுதான் தோன்றியது.

பொறுக்கி எண்ணிப் பார்த்தார்கள். பத்து. ஆனால் எது எந்தச் சட்டத்தில் இருந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"எங்க வார்டுல இதுக்குத்தான் பிறந்ததும் கையில பட்டை கட்டிடுவோம்," என்றாள்.

"இப்ப அது ரொம்ப முக்கியமா?"

"கோபப்படாதீங்க. முகத்தைப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டியதுதான்."

ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். நினைத்ததைவிட எளிதாகவே இருந்தது. தோட்டத்து நாற்காலியில் ஓர் அம்மா, இரண்டு துண்டு. அருவி, இரண்டு. பிளாட்பாரத்தில் ரயில், இரண்டு. மாடிப்படியில் பூனை, இரண்டு. மேசைமேல் தேநீர்க் கோப்பை, இரண்டு. எது இடக்கண், எது வலக்கண் என்பதை அவரே கண்டுபிடித்தார். இடக்கண் படத்தில் அருகிலிருக்கும் பொருள் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கும். சட்டங்களில் தலைப்பு மட்டும் எழுதியிருந்தது. 'அமைதி'க்கு நாற்காலி அம்மா, 'பயணம்' ரயிலுக்கு, 'காத்திருப்பு' பூனைக்கு, 'காலை' கோப்பைக்கு, 'வீழ்ச்சி' அருவிக்கு. ஒன்றும் இடிக்கவில்லை.

வியூவரில் போட்டுப் பார்த்தார். அம்மாவின் மடியிலிருந்த பின்னல் ஊசி அவர் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. அருவியின் துளிகள் தனித்தனியாகக் காற்றில் நின்றன. ஐந்தும் அழகு.

"உயிர் போய் உயிர் வந்துச்சு," என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். "கருத்தை எழுதிட்டா வேலை முடிஞ்சுது. மத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படியேன்."

அவள் 'அமைதி'யின் கருத்து அட்டையை எடுத்து வக்கீலின் வரியை வாசித்தாள். "'கொட்டும் அருவிக்குள் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சமும் நனையவில்லை. இதுவன்றோ அமைதி.'"

"எதுக்குள்ள?"

"அருவிக்குள்ள."

அவர் வியூவரை மறுபடி கண்ணில் வைத்தார். அம்மா தோட்டத்தில்தான் இருந்தார். பக்கத்தில் ஒரு ரோஜாச்செடி. அருவி இல்லை. ஒரு குழாய்கூட இல்லை.

"அடுத்தது படி."

"'பயணம்.' பல் டாக்டர் எழுதினது. 'பூனையின் வயிற்றிலிருந்து ரயில் புறப்படுகிறது. எல்லாப் பயணமும் பசியில்தானே தொடங்குகிறது.'"

மீதி அட்டைகளையும் அவரே பிடுங்கிப் படித்தார். 'காலை'யில் அருவி கோப்பைக்குள் கொட்டுகிறதாம். 'காத்திருப்பி'ல் அந்த அம்மா தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். 'வீழ்ச்சி'யில் பூனை கோப்பைக்குள் விழுந்து கிடக்கிறதாம். சலூன்காரர் ஒரே வரியில் முடித்திருந்தார்: 'மூன்று நாளாகத் தலைவலி. மனமார்ந்த பாராட்டுகள்.' பூகோள டீச்சர், 'இரு கண்ணுக்கும் இரு உலகம். தலைவர் ஒருவரால்தான் முடியும்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் தொழில்முறையில் பட்டியலே கொடுத்திருந்தார். அமைதி: இடது அம்மா, வலது அருவி. பயணம்: இடது ரயில், வலது பூனை.

அவர் பேயறைந்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அது வேணும்னே கலந்து வெச்ச படம்," என்றார் கடைசியில். "புதுமை. நான் போய் அதைப் பொண்டாட்டி புருஷன் மாதிரி ஒழுங்கா ஜோடி சேர்த்து வெச்சிருக்கேன்."

"எனக்கு இதுதாங்க நல்லாயிருக்கு."

"உனக்கு நல்லாயிருந்து என்ன பண்றது? அஞ்சு பேருக்குப் புரிஞ்சிருக்கே."

"கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு போன் பண்ணிக் கேளுங்க."

"கீழ போட்டுட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"சும்மா பேச்சுக் கொடுங்க."

போன் போட்டார். "சார், தலைவர் படம் பார்த்தேன். அந்த அம்மா... அருவி..."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கலாம்னுதான்."

"நான்தான் எழுதியிருக்கேனே."

"அதேதான் சார் எனக்கும்."

"அதேவா?" அவர் குரலில் ஏனோ ஓர் ஆறுதல் தெரிந்தது. "அப்ப சரி. வெச்சிடட்டுமா?"

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. கண்ணாடிக்கடைக்காரரின் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, அழகாகச் சேர்த்த ஐந்து ஜோடிகளையும் பிரித்தார்கள். பிரிக்கும்போது அவள் பெருமூச்சு விட்டாள். அம்மாவை அருவியோடு செருகி வியூவரில் பார்த்தபோது அவருடைய இடக்கண்ணும் வலக்கண்ணும் அடித்துக்கொண்டன. ஒரு நொடி அம்மா வந்தார், ஒரு நொடி தண்ணீர் வந்தது, அப்புறம் இரண்டும் சேர்ந்து குமட்டலாக வந்தது.

"எப்படி இருக்கு?"

"அவங்க எழுதின மாதிரியே இருக்கு," என்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

கருத்து அட்டையில் எழுத நெடுநேரம் பிடித்தது. கடைசியில், 'இவ்வளவு ஆழத்தை நான் லிஃப்ட் கிணற்றில்கூடப் பார்த்ததில்லை' என்று எழுதினார். எழுதிய பிறகு மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தலைவர் வீட்டு முன்னறையில் எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஒரு காலத்தில் பாலம் கட்டிய என்ஜினியர். நாற்காலிகளைக்கூட நூல் பிடித்தது போலத்தான் போட்டிருந்தார். வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டதும் கொக்கியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

தலைவர் முதல் சட்டத்தை வியூவரில் போட்டார். பார்த்தார். எடுத்துத் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்க்கும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஐந்தாவதைக் கீழே வைத்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

'தெரிஞ்சுபோச்சு. தண்ணி பட்ட துண்டைக் கண்டுபிடிச்சுட்டார்,' என்று நினைத்தார் லிஃப்ட் மெக்கானிக். மனதுக்குள் பதினேழு மாடிக் கிணறு மாடி மாடியாக இருட்டிக்கொண்டு வந்தது.

தலைவர் கருத்து அட்டைகளை எடுத்தார். வக்கீலைப் படித்தார். நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பணிவாகத் தலையசைத்தார். பல் டாக்டரைப் படித்தார். பூகோள டீச்சரின் இரண்டு கோட்டையும் விரலால் தடவினார். சலூன்காரர் தலைவலி குறித்துப் புன்னகைத்தார்.

"ஏழாம் எண்," என்றார் தலைவர். "நீங்க இதை வியூவர்ல போட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்து உங்களுக்கு என்ன தோணுச்சு?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கொக்கி, தண்ணீர், விசிறி எல்லாவற்றையும். அப்புறம் பேக்கரிக்காரரின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது.

"தலை சுத்துச்சு சார்," என்றார். அது ஒன்றுதான் அவரிடமிருந்த முழு உண்மை.

தலைவர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அதற்குள் அவர் முகத்தில் ரத்தம் வந்துவிட்டிருந்தது.

"ஆறு பேரும் புரிஞ்சுக்கிட்டீங்க," என்றார் மெதுவாக. "ஒருத்தருக்காவது புரியுமாங்கிற சந்தேகத்தோடதான் அனுப்பினேன். ரெண்டு கண்ணுக்கும் ஒரே உலகத்தைக் காட்டினது போதும். ஆறு மாசம் யோசிச்சுச் செஞ்சது இது. அஞ்சும் இப்படியே பெரிய திரையில போகுது." பிறகு லிஃப்ட் மெக்கானிக்கின் தோளில் கை வைத்தார். "நீங்க நிரந்தரம். உங்க படத்தையும் கொண்டாங்க. ஆனா ஒண்ணு, அதையும் இதே முறையில கலந்து கொண்டாங்க. இனிமே சங்கத்துல இதுதான் விதி."

எல்லோரும் கைதட்டினார்கள். லிஃப்ட் மெக்கானிக்கும் தட்டினார். தன் கிணற்றின் ஒரு பாதியை எதோடு சேர்ப்பது என்று யோசித்தபோது கை தானாக நின்றுவிட்டது.

கைதட்டல் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தலைவரின் மனைவி வந்தார். படத்தில் நாற்காலியில் இருந்தவர். அதே பின்னல் ஊசி கையில். மேசைமேல் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சா? அனுப்புற அன்னைக்குத் தூசி தட்டும்போது கை தவறிக் கொட்டிட்டேன், இவர்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு கைக்கு வந்ததைக் கைக்கு வந்த சட்டத்துல செருகி வெச்சேன், ஆறு பேர் பார்க்கப்போறாங்களே, யாராவது ஒருத்தர் ஒழுங்கா ஜோடி சேர்த்துட மாட்டாங்களான்னு."