வரப்பில் ஒரு சிவப்புத் துண்டு

மிராசுதார், விவசாயச் சங்கம், போலீஸ் ஆகிய மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் எதிரியின் ஆள் என்று நம்பிய மனிதர் தஞ்சை ஜில்லாவிலேயே ஒருவர்தான். எங்கள் ஆப்பரேட்டர். மற்றவர்கள் இந்தப் பெருமையை அடையப் பல வருஷம் பொதுவாழ்வில் உழைக்க வேண்டும். அவர் கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிக்கொண்டு காலையில் நடந்தே சாதித்தார்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு டென்ட் கொட்டகையில் படம் ஓட்டுவது அவர் உத்தியோகம். பெயரை யாரும் கேட்டதில்லை. ஆப்பரேட்டர் என்றாலே போதும். கொட்டகைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் நான். நான் அப்போது கூட்டுறவு வங்கிக் கிளையில் தற்காலிக குமாஸ்தா. வேலை நிரந்தரமாகவில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். தபால்காரர் மணி அடித்தால் வேலை போய்விட்டதோ என்று பயம். அடிக்காமல் போனால் ஏன் அடிக்கவில்லை என்று பயம்.

அவருக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. உலகத்தில் அவருக்கு இருந்தது ஒரே கவலை, செம்பருந்து. வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக வட்டமிடுமே, ஊரார் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதுதான். நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ஒருவரிடம் வாங்கிய பைனாகுலரோடு பகலெல்லாம் ஆற்றங்கரையில் நிற்பார். சாயங்காலம் கொட்டகைக்கு உடம்பு மட்டும் வரும். ஒருமுறை இரண்டாம் ரீலுக்குப் பிறகு ஐந்தாம் ரீலை மாட்டினார். அதில் பாம்பு கடித்துச் செத்து எரிந்துபோன அப்பா, அடுத்து ஓடிய மூன்றாம் ரீலில் எழுந்து வந்து மகளுக்குக் கல்யாணம் பேசினார். ஜனங்கள் கைதட்டினார்கள். ஐந்தாம் ரீல் திரும்ப ஓடி அவர் மறுபடி செத்தபோதுதான் நாற்காலிகள் பறந்தன.

அவருக்குப் பெண் பார்க்கக் குத்தாலத்துக்குப் போனோம். பெண் காபி கொண்டுவந்து வைத்தது, நமஸ்காரம் செய்தது, உள்ளே போனது. இவர் ஜன்னலுக்கு வெளியே தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது தரகர் ஆசையாகக் கேட்டார்.

"எப்படிங்க, திருப்திதானே?"

"பொட்டைதாங்க உருவத்துல பெருசு. ஆணு கொஞ்சம் சிறிசு. ரெண்டும் சேந்துதான் சுள்ளி தூக்கிட்டு வருது."

தரகர் அடுத்த நிறுத்தத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்.

இத்தனைக்கும் அவர் ஆசை ரொம்பச் சின்னது. கூட்டிலிருந்து குஞ்சு முதன்முதலாகப் பறப்பதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவே. ஒரு வருஷம் காக்கைகள் கூட்டைக் கலைத்தன. அடுத்த வருஷம், மேட்னி ஷோ ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கூடு காலி. அதற்கடுத்த வருஷம் காய்ச்சல். இந்த வருஷமும் தவறினால் கொட்டகையைக் கொளுத்திவிடுவேன் என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. என் அறைச் சுவரை ஒட்டித்தான் கொட்டகை.

காலமும் பறவை பார்க்கிற காலமாக இல்லை. கோட்டையில் ஆட்சி மாறிய புதிது. சுவர்களெல்லாம் கறுப்பு சிவப்பு, டீக்கடையெல்லாம் நில உச்சவரம்புப் பேச்சு. தை பிறந்து சம்பா முற்றி நின்றது. கூலி நெல்லைக் கூட்டினால்தான் அரிவாள் எடுப்போம் என்றது சங்கம். வெளியூர் ஆளை இறக்கி அறுப்போம் என்றார்கள் மிராசுதார்கள். ஊர் ஊராக போலீஸ் வேன் நின்றது. இதற்கு நடுவில் ஒருவர் பைனாகுலர் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தால் என்ன ஆகும்? பினாமி நிலத்தை வேவு பார்க்க வந்த சர்க்கார் ஆள் என்றது மிராசுதாரின் பண்ணை. கூட்டம் எங்கே நடக்கிறது என்று பார்க்கிற பண்ணை ஆள் என்றது சங்கம். வடக்கேயிருந்து வந்த தீவிரவாதி என்றது போலீஸ்.

"வேணாங்க, இந்த ஒரு மாசம் ரூமுக்குள்ளயே இருங்க. எவனாவது போட்டுத் தள்ளிடுவான்" என்று கெஞ்சினேன்.

"குஞ்சு சிறகடிச்சுப் பழக ஆரம்பிச்சிடுச்சு, கிளார்க் சார். இப்பப் போயி ரூமுக்குள்ள இருன்னா?"

கூடு இருந்தது அக்கரையில், ஒரு மருத மரத்து உச்சியில். இக்கரையில் பண்ணை வயலின் வரப்பு ஒன்றில், ஒரே ஒரு இடத்தில் நின்றால் மட்டும் இலைகளுக்கு நடுவே அது தெரியும். தினமும் அந்த இடத்தைத் தேடுவதிலேயே காலைப் பொழுது போயிற்று. அதனால் மனிதர் ஒரு காரியம் செய்தார். அந்த இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, ரோட்டிலிருந்தே தெரியும்படி அதன் நுனியில் ஒரு துணியைக் கட்டினார். கொடியில் காய்ந்த என் துண்டு. சிவப்புத் துண்டு.

எங்கள் பக்கத்தில் அறுவடை நேரத்தில் வயலில் சிவப்புத் துணி பறந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பேச்சு முடியும்வரை இந்த வயலில் யாரும் அரிவாள் வைக்கக்கூடாது. கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் அது. ஆப்பரேட்டருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை டீக்கடையில், "பண்ணை வயல்ல கொடி ஏத்திட்டாங்களாம்" என்றார்கள். அப்படியா என்று டீயை உறிஞ்சினேன். குளித்துவிட்டுத் துவட்டலாம் என்று போனால் துணிக்கொடி காலி. அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. துண்டின் மூலையில் சலவைக் குறி வேறு. சலவைக்காரரைக் கேட்டால் அது என் குறி என்று சொல்லிவிடுவார். ஈரத் தலையோடு ஓடினேன்.

வயலில் ஒரு பக்கம் அரிவாளோடு சங்கத்து ஆட்கள். எதிர்ப் பக்கம் கம்போடு பண்ணை ஆட்கள். நடுவில் வேன், அதன் மேல் சாய்ந்தபடி சப்-இன்ஸ்பெக்டர். பண்ணை ஆள் கொடியைப் பிடுங்கினால் அடிதடி. சங்கம் பிடுங்கினால் தோல்வி. போலீஸ் பிடுங்கினால் துப்பாக்கிச் சூடு வரை போகும். சங்கத் தலைவர் தங்கள் இளவட்டம் யாரோ நட்டதாக நினைத்துப் பெருமையாக நின்றார். இளவட்டங்கள் தலைவர் நட்டதாக நினைத்து விறைத்துக்கொண்டிருந்தார்கள். 

அந்த நேரத்தில் வரப்பில் ஆப்பரேட்டர் நடந்து வந்தார். இரண்டு கும்பலுக்கும் நடுவே போய், குச்சிக்குப் பக்கத்தில் நின்று, பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"கம்பைக் கொஞ்சம் இறக்குங்க, மறைக்குது" என்றார் பண்ணைக் காரியஸ்தரிடம்.

காரியஸ்தர் இறக்கிவிட்டார். அதிர்ச்சியில்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். "யோவ், இதை நட்டது யாரு?"

"நான்தாங்க."

"துண்டு யாரோடது?"

நான் ஈரத் தலையைக் கையாலேயே துவட்டிக்கொண்டேன். ஆப்பரேட்டர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னுதுதாங்க."

"எந்தச் சங்கம்யா நீ?"

"சங்கமெல்லாம் இல்லீங்க. இன்னிக்கோ நாளைக்கோ பறந்துடும். அது வரைக்கும் குச்சி இங்கயே இருக்கட்டும்."

"எங்க ஆள் இல்லீங்க" என்றார் சங்கத் தலைவர். "எங்க ஆளும் இல்லை" என்றார் காரியஸ்தர். அந்த வருஷம் இரு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

சப்-இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இந்த ஆளை வெளிய விட்டா ஏதாவது ஒரு பக்கம் முடிச்சுடுவாங்க. பேச்சு முடியற வரைக்கும் ஸ்டேஷன்ல கிடக்கட்டும்."

அப்போதுதான் ஆப்பரேட்டரின் முகம் செத்தது. அரிவாளைப் பார்த்தபோதுகூட அப்படி ஆகவில்லை. பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"கிளார்க் சார், நீங்க பாருங்க. காலு குச்சிக்குப் பக்கத்துலயே இருக்கட்டும். ரெண்டடி நகந்தாலும் இலை மறைச்சிடும்."

வேன் போய்விட்டது. நான் நின்றேன். நிரந்தரமாகாத குமாஸ்தா, சண்டை வயலின் நடு வரப்பில், தன் துண்டுக்கே காவலாக. குஞ்சு சிறகை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தது. நானும் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாராவது இருமினால் உயிர் போய் வந்தது. ஒரு சங்கத்து ஆள் மெதுவாக வந்து கேட்டார்.

"என்னங்க தெரியுது?"

"பருந்துங்க."

"எந்தத் தரப்புப் பருந்து?"

நான் பைனாகுலரைக் கண்ணில் இன்னும் அழுத்திக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் மறுபடி போய் நின்றேன். ஏன் போனேன் என்று இன்றும் என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவர் அந்தத் துண்டைத் தன்னுடையது என்று சொன்னாரே, அதற்காகத்தான்.

பிறகு பேச்சு முடிந்தது, கூலி நெல் கூடியது, அறுவடை நடந்தது, அவரையும் விட்டார்கள். கொட்டகை முதலாளி வேலையை விட்டு நீக்கியதில் எந்த ஊருக்கோ போய்விட்டார். அதெல்லாம் கிடக்கட்டும். அந்த மறுநாள் காலையில் குஞ்சு பறந்தது. பார்த்த மறு நொடி ஓட ஆரம்பித்தேன்.

நான் ஸ்டேஷனுக்குள் மூச்சிரைக்க நுழைந்ததும் போலீஸ்காரர்கள் எல்லாரும் லத்தியோடு எழுந்துவிட்டார்கள்.

"என்னய்யா, வெட்டிக்கிட்டாங்களா?"

"பறந்துடுச்சுங்க" என்றேன்.

கம்பிக்குப் பின்னால் ஆப்பரேட்டர் எழுந்து வந்தார். "எப்படி?" என்றார்.

எப்படி என்றால் என்ன சொல்வது? எனக்கு வரவு செலவுதான் தெரியும். அதனால் இரண்டு கைகளையும் விரித்தேன். ஸ்டேஷன் நடுவில், ஏட்டு பார்க்க, தயங்கினேன், தள்ளாடினேன், கல் மாதிரி கீழே விழப்போனேன், பாதியில் காற்று பிடித்தது, ஆற்று மணலுக்கு மேலே தாழ்வாக மிதந்தேன், கரையோர மூங்கில் புதரில் போய் உட்கார்ந்து ஆடினேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, இமைக்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு ஆசையாக என்னை யாரும் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.