விண்டில் எழுந்து போனார்

ஜாஸ்பர் விண்டில் அன்று செய்ய வேண்டியிருந்தது ஒரே வேலைதான். உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதுதான் இப்போது முடியவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்ற சபை கூடி வழிபாடு முடிவதற்குள்ளேயே அவருக்கு அடிவயிறு கனக்க ஆரம்பித்துவிட்டது. குற்றம் காலைச் சாப்பாட்டுடையது. அவரைத் தேர்ந்தெடுத்த எல்ஸ்ஃபென் ஊரிலிருந்து டாம்சின் என்ற விலாங்குமீன்காரி லண்டன்வரை வண்டி பிடித்து வந்திருந்தாள். உப்புப் போட்டுப் புகையில் வாட்டிய விலாங்கை அவர் முன்னால் வைத்து, தின்று முடிக்கும்வரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த உப்புக்கு ஒரு குவளை பீர் போதவில்லை. அடுத்ததும் போதவில்லை.

"ஐயா, உங்களுக்குப் பேச வராது. அது ஊருக்கே தெரியும்," என்றாள் டாம்சின். "நாங்க உங்ககிட்ட பேச்சு கேக்கல. ஓட்டெடுக்கறப்போ மசோதா வேணும்ங்கறவங்க எழுந்து வெளிய போவாங்களாம். வேண்டாம்ங்கறவங்க உள்ளயே உக்காந்திருப்பாங்களாம். நீங்க சும்மா உக்காந்திருங்க. போதும்."

"அது ஒண்ணும் கஷ்டமில்லையேம்மா."

"கஷ்டமில்லன்னுதானே உங்களை அனுப்பினோம்!"

மசோதா எல்ஸ்ஃபென்னைச் சுற்றிக் கிடந்த சதுப்பு முழுவதையும் வாய்க்கால் வெட்டி வடித்துக் கோதுமை வயலாக்குவதற்கானது. தண்ணீர் போனால் விலாங்கு போகும், வாத்து போகும், நாணல் போகும். அவற்றை நம்பிப் பிழைக்கும் ஊரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். விளையும் கோதுமை மட்டும் சர் ஹம்ஃப்ரி கோல்பெக்கின் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும்.

அந்த சர் ஹம்ஃப்ரி இப்போது விண்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் வேறு இடமில்லை.

விண்டில் காலைக் காலின் மேல் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு கால் மரத்துப்போனது. மரத்த காலைக் கீழே இறக்கியபோது நிலைமை முன்னைவிட மோசமானது.

சட்டைப்பையில் காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று இருந்தது. உள்ளே இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிவிடும் என்று அவருக்கு எப்படியோ தோன்றியது. வாயில் போட்டு மென்றார். அது தொண்டைக்குள் போய் அப்படியே நின்றுகொண்டது. இருமினார். முகம் சிவந்து, கண் பிதுங்கியது.

"அடடா, என்ன விண்டில்?" என்று சர் ஹம்ஃப்ரி முதுகில் ஓங்கித் தட்டினார். இடுப்பிலிருந்து தன் குடுவையை எடுத்தார். "குடிங்க, குடிங்க. முழுசாக் குடிங்க!"

உயிர் பிழைப்பதற்காக விண்டில் முழுவதையும் குடித்தார்.

அதன்பின் பொறுப்பதற்கில்லை. வாக்கெடுப்புக்கு முன் ஓடிப்போய் ஓடி வந்துவிடலாம் என்று தொப்பியை இடத்தில் வைத்துவிட்டு நழுவினார். கதவைத் திறந்தார். முன்கூடத்தில் மனுக் கொடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவே, கதவையே பார்த்தபடி டாம்சின் நின்றிருந்தாள்.

"எங்க போறீங்க?"

"இதோ, ஒரு நிமிஷம்..."

"அதுக்குள்ள ஓட்டெடுத்துட்டா? கதவைப் பூட்டிடுவாங்களாமே!"

"இல்லம்மா, அவசரம். ரொம்ப அவசரம்."

"என் புருஷன் பனிக்காலத்துல விடிய விடியப் படகுல உக்காந்து வலை போடறாரு. அவருக்கு வராத அவசரமா? உள்ள போங்க!"

வாசல்காவலன் பெவிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். விண்டில் திரும்பி வந்து, தன் தொப்பியின் மேலேயே உட்கார்ந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜன்னலுக்குக் கீழே தேம்ஸ் நதி சளசளத்தது. மேடையில் சபாநாயகர் கோப்பையில் மெதுவாக, மிக மெதுவாக, எதையோ ஊற்றிக் குடித்தார். விண்டில் கண்ணை மூடினார். மூடினால் காது இன்னும் நன்றாகக் கேட்டது.

விவாதத்தைச் சீக்கிரம் முடிக்க வைத்தால்தான் உண்டு. ஊருக்கே தெரிந்த அந்த ஊமைவாய் விண்டில், நசுங்கிய தொப்பியை எடுத்துக் கையில் பிடித்தபடி எழுந்தார். சபை திகைத்துப்போய் அவரைப் பார்த்தது.

"எல்ஸ்ஃபென் உறுப்பினர்," என்றார் சபாநாயகர், நம்ப முடியாதவர் போல.

"சபாநாயகர் அவர்களே, போதும்! தயவுசெஞ்சு... தண்ணியைப் பத்தி இதுக்கு மேல யாரும் பேச வேண்டாம். எங்களால தாங்க முடியல!"

உட்கார்ந்தார். பிறகு பின்வரிசையில், "சபாஷ்! சதுப்பு மக்களோட கண்ணீர் அது!" என்று யாரோ கத்தினார்கள். பெஞ்சுகளைத் தட்டினார்கள்.

எதிர்ப்பக்கத்து வக்கீல் ஒருவர் துள்ளி எழுந்தார். "மாண்புமிகு உறுப்பினர் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது என்கிறார். ஏன் கூடாது? ஆதியில் நடந்ததென்ன? நோவாவின் பிரளயத்திலிருந்தே தொடங்குகிறேன்..."

தொடங்கினார். நாற்பது நாள் மழையையும் விட்டுவைக்கவில்லை. அங்கிருந்து செங்கடலுக்குப் போனார். செங்கடலிலிருந்து நைல் நதிக்கு. நடுநடுவே லத்தீன். ஒவ்வொரு நதியும் விண்டிலின் இடுப்புக்குள் வந்து விழுந்தது. பல்லைக் கடித்தார். மனதுக்குள், 'உட்காரு, உட்காரு, உட்காரு' என்று ஜபித்தார். நெற்றி வேர்த்தது. உலகத்தில் அவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

வக்கீல் உட்கார்ந்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து முனகுகிற குரலில் ஏதோ சொன்னார். சிலர் ஆமோதித்தார்கள். சபாநாயகர் எதையோ படித்தார். கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: "ஆம் என்பவர்கள் வெளியே! இல்லை என்பவர்கள் உள்ளே!"

உறுப்பினர்கள் தடதடவென்று எழுந்தார்கள். கதவு விரியத் திறந்தது. திறந்த கதவின் வழியே ஈரக் காற்று வந்து விண்டிலின் முகத்தில் அடித்தது.

அவர் எழுந்துவிட்டார்.

சர் ஹம்ஃப்ரி அவருடைய கோட்டு வாலைப் பிடித்து இழுத்தார். "விண்டில்! எங்க போறீங்க? உக்காருங்க!"

"விடுங்க!"

"உக்காருங்கன்னா! சௌகரியமா உக்காருங்க! என் மெத்தையைத் தர்றேன்!"

"நான் வெடிச்சுச் சாகறதைப் பாக்கணுமா உங்களுக்கு?" என்று கத்திவிட்டு, கோட்டு வாலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

முன்கூடத்திலிருந்த வெளியாட்களையெல்லாம் வாக்கெடுப்புக்காகக் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். தடுக்க டாம்சின் இல்லை. வெளியே வந்து நின்ற உறுப்பினர்களை இடித்துக்கொண்டு, படிகளில் தாவி, முற்றத்துச் சுவர் மூலையில் போய் நின்றார்.

மழை பெய்துகொண்டேயிருந்தது. விண்டில் வானத்தைப் பார்த்தார். எவ்வளவு அழகான வானம்! புறாக்கள் எவ்வளவு அழகு! சர் ஹம்ஃப்ரியும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே என்றுகூடத் தோன்றியது. உலகத்தில் ஒருவர் மீதும் அவருக்கு மனத்தாங்கல் இல்லை.

பித்தானைப் போட்டு முடிக்கும்போதுதான் எல்ஸ்ஃபென் ஞாபகம் வந்தது.

ஐயோ. வெளியே வந்துவிட்டோமே.

ஆனால் உடனே ஒரு யோசனையும் பிறந்தது. வெளியே போனவர்கள் திரும்பி உள்ளே நுழையும்போதுதான் எண்ணுவார்கள். நுழையாவிட்டால்? ஆம் பக்கமும் இல்லை, இல்லை பக்கமும் இல்லை. ஊருக்கு உதவியில்லை என்றாலும் துரோகமாவது இல்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பீப்பாய்களுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். இப்போது நிம்மதியாக உட்கார முடிந்தது.

"ஐயா! என்னங்க பீப்பாய்க்குப் பின்னால?" பெவிஸ் மழையில் நனைந்தபடி மேலே நின்றான். "எல்லாரும் உள்ள போயாச்சு. உங்களைத்தான் தேடறாங்க."

"நான் இல்லன்னு சொல்லிடு."

"கோட்டு தெரியுதே, ஐயா."

"எனக்கு உடம்பு சரியில்லப்பா."

"வெளிய வந்தவங்க ஒருத்தர் பாக்கியில்லாம உள்ள வரணும். அது சட்டம். நான் வாங்கிக் கட்டிக்கவா?" என்று பெவிஸ் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினான். நடத்திக்கொண்டு போனான். கதவருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தவர்களின் நடுவே, 'வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா' என்று விண்டில் முனக முனக, முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினான்.

"இவரோட சரி," என்றார் எண்ணியவர், விண்டிலின் தோளைத் தொட்டு.

மேசைக்கு முன்னால் கணக்குச் சொன்னார்கள். சபாநாயகர் எழுந்தார். "ஆம் பக்கத்துக்கு ஒரு வாக்கு அதிகம்."

ஒரு வாக்கு. விண்டிலின் வாக்கு. சபையில் பாதி ஆரவாரம் செய்தது. முன்வரிசைப் பெரியவர் தட்டுத்தடுமாறி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிழவர் கண்ணில் நீர். எல்ஸ்ஃபென்னை அழித்ததற்கு ஆனந்தக் கண்ணீரா! விண்டில் கையை உதறினார். சர் ஹம்ஃப்ரி வெளிறிய முகத்தோடு அவரையே பார்த்து, "நீங்களா, விண்டில்?" என்று மட்டும் கேட்டார். கிண்டல். கிண்டலுக்கும் ஒரு அளவு வேண்டாமா?

யாருக்கும் தெரியாமல் நழுவிவிடலாம் என்று முன்கூடத்துக்கு வந்தார். டாம்சின் மறுபடியும் மேலே ஏறி வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே விண்டிலுக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்தேன்! படியில தாவித் தாவி ஓடினதைக் கண்ணால பாத்தேன்!" என்று அவர் கழுத்துப்பட்டியைப் பிடித்தாள். "உக்காரச் சொன்னோம். வேற என்ன கேட்டோம்? மலையைப் பேத்துக் கொண்டாரச் சொன்னோமா? உக்கார ஒரு ஆளு வேணும்னுதானே ஊரே சேந்து உங்களை அனுப்பிச்சுது!"

"டாம்சின், என்னால முடியலம்மா. நிஜமாவே முடியல." என்றார் விண்டில். "நான் ஊருக்கு வரல. எம்மூஞ்சியை யார்கிட்டயும் காட்ட மாட்டேன். நீ அவங்ககிட்ட சொல்லிடு, நான் பாவின்னு."

"சொல்றேன், சொல்றேன்! உங்களை அந்தச் சதுப்புலயே முக்கிடறேன். காயறதுக்குள்ள!"

அவள் உலுக்கிய உலுக்கலில் நசுங்கிய தொப்பி உருண்டுபோய் பெவிஸின் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்து, தட்டிவிட்டு, நீட்டினான்.

"ஏம்மா அவரைப் போட்டு இப்படி உலுக்கறே? 'இந்த மசோதாவைத் தள்ளுபடி பண்ணிடலாமா'ன்னுதான் கடைசியில கேட்டாங்க, பண்ணிடலாம்னவங்கதான் வெளிய வந்தாங்க. ஐயா மட்டும் நீ சொன்னபடி உக்காந்தே இருந்திருந்தா, உங்க ஊர் இந்நேரம் காஞ்சிருக்கும்!"