மஞ்சள் அட்டை வேண்டாம்

ஆம்பூர்,
1913, பங்குனி 12

மைத்துனன் சிரஞ்சீவி ஆதிகேசவனுக்கு, கன்னியப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. பொய் சொல்லாதே என்று நீ அச்சடித்த புத்தகத்திலேயே இருப்பதால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

புத்தர் வாக்கை நம் ஜனங்களுக்குப் புரியும் தமிழில் போட்டு, துறவியின் உடைக்குப் பொருத்தமென்று மஞ்சள் அட்டை ஒட்டி, சென்னையிலிருந்து நூறு பிரதி அனுப்பினாய் அல்லவா, அந்த மஞ்சள்தான் என்னைக் கெடுத்தது. மூன்று வருஷத்துக்கு முன் வாந்திபேதியில் நம் தெரு ரங்கம்மாள் புருஷன் போனபோது சடங்கு செய்ய ஒருவரும் வரவில்லை. நான் போய் நின்று ஒரு பக்கம் படித்தேன். "நாம பேசறாப்பலயே இருக்குதே" என்று தெருவே அழுதது. அன்றுமுதல் எந்தச் சாவுக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள், சாவைத் தவிர எதற்கும் கூப்பிடுவதில்லை. மஞ்சள் அட்டையைக் கண்டாலே சாவு என்று ஆகிவிட்டது. குடியை விடு, கோபத்தை அடக்கு என்பதெல்லாம் உயிரோடிருப்பவனுக்குச் சொன்னது. செத்தவன் குடிப்பானா?

எதிர்வீட்டுச் செண்பகத்தின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆறுதல் சொல்லப் புத்தகத்தோடு போனேன். துடைப்பத்தோடு வாசலை மறித்தாள். "இன்னா பெரியவரே, எம் புள்ளைக்கு வெறும் ஜொரம்தான். அத்த எடுத்துனு போய்டு." மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து விளையாடுகிறது. நான் படிக்காததால்தான் பிழைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரி, வேலை செய்யும் தோல் ஷாப்பிலாவது படிப்போம் என்று சாப்பாட்டு வேளையில் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் உட்கார்ந்து பிரித்தேன். மேஸ்திரி வாஹித் பாஷா தூரத்திலிருந்தே, "யாரு பெரியவரே போய்ட்டது?" என்றார். அவ்வளவுதான், முப்பது பேரும் சோற்றை வைத்துவிட்டுப் பாலாற்றுக்குத் தலைமுழுகப் போய்விட்டார்கள். யாரும் சாகலடா, உக்காருங்கடா என்று நான் கத்தினதை எவன் கேட்டான். தொட்டியில் கிடந்த தோல் ஜாஸ்தி ஊறிக் கெட்டுப்போச்சு, பாஷா என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

உன் அக்காள் அமிர்தவள்ளிக்கு மாசியிலிருந்து இருமல், கொஞ்சம் ஜுரம். கவலைப்பட ஒன்றுமில்லை, வேலையை விட்டு வரவேண்டாம். இத்தனை நாள் என் புத்தகத்தைக் கேட்க அவளுக்குப் பொழுதில்லை, இப்போதுதான் படுத்திருக்கிறாள். மஞ்சளைப் பார்த்தால் பயப்படுவாள் என்று, சர்க்கரை மடித்து வந்த நீலக் காகிதத்தை மேலே ஒட்டி, ஏதோ கதை என்று சொல்லித் தினம் ஒரு பக்கம் படிக்கிறேன். இது பொய்தான், பாவம் உன்னைச் சேரும். சாவு வீட்டில் படிக்கிற பக்கத்தை மட்டும் தாண்டிவிடுகிறேன். நாலு வரிக்குள் தூங்கிவிடுகிறாள். ஆகையால் அடுத்த பதிப்புக்கு நீலமோ பச்சையோ போடு, மஞ்சள் வேண்டாம். மாட்டேனென்றால் மிச்சமிருக்கும் எண்பது பிரதியும் திரும்பி வரும். நான் சொன்னால் சொன்னதுதான்.

நீயும் உன் வீட்டாரும் நோயின்றி நெடுநாள் இருங்கள்.

கன்னியப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகையில் உன் அக்காள் கூப்பிட்டாள். புத்தகத்தை வாங்கி, படுத்தபடியே நீலக் காகிதத்தை நகத்தால் கிழித்தாள். "மொத நாளே தெரியும். ஒனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு தூங்கறாப்பல கெடந்தேன். சாவு வூட்ல படிப்பியே, அந்தப் பக்கத்த இப்பவே படி. அப்பறம் படிச்சா எனக்குக் கேக்காது."

படித்தேன். தூங்காமல் முழுதும் கேட்டாள். அட்டை மஞ்சளாகவே இருக்கட்டும். கவலைப்பட ஒன்றுமில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசி. அடுத்த ரயிலில் வந்துவிடு.