முயலின் கோப்புக்கு இரண்டு பூட்டு

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது என்று தொடங்குவது வழக்கம். இந்தக் காட்டில் சிங்கம் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. அலுவலகம் இருந்தது.

வளைப் பதிவு அலுவலகம் என்று அதற்குப் பெயர். முந்தைய ஆண்டு வெள்ளத்தில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று தெரியாமல், மீட்புக் குழு மூன்று நாள் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. அதனால் ஒவ்வொரு மிருகமும் தன் வளை இருக்கும் இடத்தை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லா மிருகங்களும் எழுதிக்கொடுத்தன. காட்டுப்பன்றி மட்டும் படிவத்தைத் தின்றுவிட்டது.

தும்பை என்ற முயல், ஓடைக்குக் கிழக்கே நாவல் மரத்தடி என்று எழுதிக்கொடுத்தாள். சித்திரையில் கைக்கு வந்த அட்டையில், ஓடைக்கு மேற்கே மூங்கில் புதர் என்று இருந்தது. ஆடியில் வெள்ளம் வரும். மீட்புக் குழு அட்டையில் உள்ள இடத்துக்குத்தான் போகும்.

திருத்தலாம் என்று போனால், அதற்குள் அலுவலகத்துக்குத் தகவல் பாதுகாப்பு வந்திருந்தது. குரங்கு விற்ற சுண்டல் பொட்டலம் ஒன்றில் ஒரு மான் குடும்பத்தின் முழு விவரமும் அச்சாகியிருந்ததுதான் காரணம். பொட்டலத்தை வாங்கியவர் சிறுத்தை.

விசாரணை முடிந்து, மேலதிகாரியான மிளா மான் சுற்றறிக்கை விட்டார். இனிக் கோப்பறைக்கு இரண்டு பூட்டு. சாவிகள் இரண்டு பேரிடம் இருக்கும். ஒன்று எழுத்தர் அழுங்கிடம் வந்தது. இன்னொன்று துணை அலுவலர் பட்டைத்தலை வாத்திடம் போனது. வாத்து பங்குனியிலேயே சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வடக்கே பறந்துவிட்டது. இனிக் கார்த்திகையில்தான் வரும். வலசை போகும் பறவையிடம் போய்ச் சாவியைக் கொடுப்பார்களா என்று சிலர் கேட்டார்கள். பணிமூப்புப் பட்டியலில் அடுத்த பெயர் அதுதான் என்று பதில் வந்தது.

அழுங்கின் பெயர் உமாபதி. உடம்பெல்லாம் செதில். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்வார். கேள்வி கேட்டாலும் சுருண்டுகொள்வார். கோப்புக் காவல் அவருக்குக் கிடைத்தது இந்தத் தகுதியில்தான் என்று காட்டில் பேச்சு.

தும்பை மூன்றாவது முறையாக அவர் முன்னால் நின்றது ஆனி மாதத்தில். அப்போது அவள் வளையில் கண் திறந்து நாலு நாளான மூன்று குட்டிகள். தன் கோப்பை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும், தான் எழுதிக்கொடுத்த தாள் அதிலேயே இருக்கும் என்றாள்.

"உன் கோப்பு ரகசியம்மா. யாருக்கும் காட்டக் கூடாது."

"எனக்குமா சார்?"

"உனக்குக் காட்டிட்டா, நீ போய் நாலு பேர்கிட்ட சொல்லமாட்டேன்னு என்ன நிச்சயம்?"

அவள் இன்னொரு கேள்விக்கு வாய் திறப்பதற்குள் அவர் பாதி சுருண்டுவிட்டார். பிறகு மனமிரங்கி, மேசை மேல் நூலில் கட்டிக் கிடந்த பேனாவைக் காட்டினார். பக்கத்தில் பெரிய பதிவேடு விரித்துக் கிடந்தது. கோப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் எல்லாரும் அதில் எழுத வேண்டும். பெயர், அட்டையில் உள்ள இருப்பிடம், குட்டிகள் எத்தனை, தாய் வெளியே போகும் நேரம். வேறு யாரும் வந்து ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

"இதை யார் பார்ப்பாங்க சார்?"

"யார் வேணா பார்க்கலாம். கோப்புதான் ரகசியம். சுற்றறிக்கையில பதிவேட்டைப் பத்தி ஒரு வரி கிடையாது."

தும்பைக்குப் பின்னால் வரிசையில் நின்றது நரி சாத்தப்பன். நன்னடத்தைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தது. அவள் தயங்கியதைப் பார்த்து, "நிதானமா எழுது தாயி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றது.

எழுதாவிட்டால் மனு ஏற்கப்படாது. அவள் எழுதினாள். மூங்கில் புதர், மூன்று குட்டிகள், காலை ஆறிலிருந்து எட்டு வரை இருக்கமாட்டேன். அலுவலகம் செய்த தவறு அவளுக்கு முதல்முறையாகப் பிடித்துப்போனது. கடைசியில், சரியான இருப்பிடம் எது என்று ஒரு கட்டம் இருந்தது. வாத்து வரட்டும், அப்போது எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். திரும்பிப் பார்த்தபோது நரி, பதிவேட்டைப் பார்த்துத் தன் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆறே காலுக்கு நரி மூங்கில் புதருக்குள் தலையை விட்டது. உள்ளே பதினொரு குட்டிகளோடு படுத்திருந்தது, படிவத்தைத் தின்ற அந்தக் காட்டுப்பன்றி.

பத்து மணிக்கு நரி ஒரு காலை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தது. வால் பாதிதான் மிச்சம். அரசுப் பதிவேட்டை நம்பிப்போன குடிமகனுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள் என்று மேலதிகாரியிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்தது. எதற்காக அங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. புகார்ப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

மிளா பதறிப்போனார். பதிவேட்டில் தப்பு என்றால் அலுவலகத்தின் மானம் என்ன ஆவது? ராஜாளியை வடக்கே அனுப்பினார். ஐந்தே நாளில் சாவி வந்தது, கோப்பறை திறந்தது, தும்பை எழுதிக்கொடுத்த தாள் கிடைத்தது, தவறு திருந்தியது. அறையைப் பழையபடி பூட்டி, ராஜாளியிடமே சாவியை வாத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். விதி விதிதான்.

ஆறாம் நாள் மத்தியானம் தும்பைக்குக் கடிதம் வந்தது. அவள் கோரிக்கை கனிவுடன் ஏற்கப்பட்டு, இருப்பிடம் ஓடைக்குக் கிழக்கே நாவல் மரத்தடி என்று திருத்தப்பட்டிருந்தது. சந்தோஷமாக அடிவரைக்கும் படித்தாள். அடியில் இப்படி இருந்தது:

"நகல்: புகார்தாரர் திரு. சாத்தப்பன் அவர்களுக்கு, தகவலுக்காகவும் தக்க மேல்நடவடிக்கைக்காகவும்."

நரிக்கு இன்னும் கால் சரியாகவில்லை. அந்த நொண்டல்தான் அவளுக்குக் கிடைத்த அவகாசம். குட்டிகளை எங்கே கொண்டுபோவது? எந்த இடம் சொன்னாலும் அது யாருக்காவது தெரிந்த இடம். யாருமே நுழைய முடியாத இடம் காட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் அலுவலகம் முடிந்ததும், பின்பக்கச் சுவருக்கு வெளியே ஒரு புதர் மறைவில் தோண்ட ஆரம்பித்தாள். பூட்டுகளைப் பற்றி அவ்வளவு யோசித்த சுற்றறிக்கை தரையைப் பற்றி யோசிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று குட்டிகளும் கோப்பறையில் இருந்தன. மெத்தைக்குக் காகிதம், பசிக்கும் காகிதம். கோப்புகள் நனையக் கூடாது என்று அலுவலகத்தை மேட்டில் கட்டியிருந்ததால் வெள்ளத்தைப் பற்றியும் கவலை இல்லை.

நரி நகலோடு நாவல் மரத்தடிக்குப் போய், காலி வளையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் புகார் கொடுத்தது. ஒரே பொருள் குறித்து இரண்டாவது புகார் ஏற்பதற்கில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

கோப்பறைக்குள் கறுக் கறுக்கென்று சத்தம் கேட்பதாக ஆடி மாதம் மிளா ஒருநாள் சொன்னார். என்ன சத்தம் என்று உமாபதியிடம் கேட்டார். உமாபதி சுருண்டுகொண்டார்.

வாத்து வர இன்னும் நாலு மாதம் இருக்கிறது. முயல்குட்டி வளர ஒரு மாதம் போதும்.

நீதி: அரசாங்கக் கோப்பறையைப் போலப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை. ஆனால் அங்கே உங்கள் விவரத்தைக் கொடுக்காதீர்கள். நீங்களே போய்க் குடியேறிவிடுங்கள்.