புவனம் கெனோப்பிக்குப் போன் வந்தது

துளசி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரே சீராக இரைந்தது. லைன் உயிரோடுதான் இருந்தது.

"நீங்களே கேட்டுப் பாருங்கண்ணே. போன் நல்லாத்தான் இருக்கு."

முதலாளி புவனேஸ்வரன் வாங்கிக் கேட்டுவிட்டு வைத்தார். "போன் நல்லாத்தான் இருக்கு. எடுக்கிற ஆளு எங்கன்னுதான் கேக்கறாங்க."

"அடிக்கிறதை எல்லாம் எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நேத்து கல்யாண மண்டபத்துல ரெண்டு பேரு என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சு போச்சாம். உங்க ஆபீஸ்ல எல்லாரும் தூங்கறாங்களான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

புவனம் கெனோப்பியின் அலுவலகம் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, சாவு, எதுவானாலும் கெனோப்பி என்கிற கூடாரமும் நாற்காலியும் மேசையும் வாடகைக்கு அனுப்புவார்கள். சாமான்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த் கிடங்கில். அதற்கும், அண்மையில் வாங்கிய புது லாரிக்கும் பொறுப்பு முனுசாமி. அலுவலகத்துக்குப் பொறுப்பு துளசி. கடை திறந்த நாளிலிருந்து அந்தப் போன் அவளுடையது. மூன்றாவது மணி அடிக்க விட்டதில்லை. குரலை வைத்தே இன்னாருக்கு இத்தனை மேசை என்று சொல்லிவிடுவாள்.

"ஒருவேளை நீ பசியாறப் போற நேரமா பார்த்து அடிக்கிறாங்களோ என்னமோ," என்றார் புவனேஸ்வரன். மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் துளசிக்குச் சுருக்கென்றது.

மறுநாளிலிருந்து அவள் மேசையிலேயே பசியாறினாள். ஒரு கையால் நாசி லெமாக் சோறு, மறு கை போனின் மேல். வழக்கமாகக் கூப்பிடுகிற நாலைந்து பேர் கூப்பிட்டார்கள். எடுத்தாள். புகார் மட்டும் நின்றபாடில்லை.

அதன் பிறகுதான் நாதன் வந்தான். கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுக்கிற பையன், பேச்சில் கெட்டிக்காரன். அலுவலகமும் கிடங்கும் பேசிக்கொள்வதற்கு ஏற்கெனவே ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். கூட்டம், படம், எந்தக் கூடாரம் எங்கே கிழிந்திருக்கிறது என்கிற தகவல் எல்லாம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சிம்பிள்லா அண்ணே," என்றான் நாதன். "டெலிபோனையும் அந்த ஆப்புக்குள்ள கொண்டு வந்துடலாம். யாரு எங்க இருந்தாலும் ஆபீஸ் கால் வரும். ஒரு காலும் தப்பாது."

"எப்படிக் கொண்டு வர்றது?"

"மூணு வழி இருக்கு. ஆப் விக்கிற கம்பெனிகிட்டயே நம்பரும் சேர்த்து வாங்கிக்கலாம். இல்லன்னா நம்ம டெலிபோன் கம்பெனிக்காரன் அவன் பக்கத்துல இருந்து பழைய நம்பரை ஆப்போட கோத்து விடுவான். அதுவும் வேணாம்னா இங்கயே ஒரு பெட்டி வாங்கி வச்சு நாமளே இணைச்சுக்கலாம். பெட்டின்னா எல்லாமே நம்ம கையில."

"இதுல எது சீக்கிரம் முடியும்?"

"மொதல்ல சொன்னது."

"அதையே போடு."

முதல் வழியில் புது எண் வந்தது. முன்னால் சைபர் மூன்று. கோலாலம்பூர் எண். பினாங்கு எண் இப்போதைக்குக் கையில் இல்லையாம். 'நம்பர்ல என்னக்கா இருக்கு' என்றான் நாதன்.

எவ்வளவோ இருந்தது. போலீஸ் என்று சொல்லிப் பணம் பறிக்கிற கும்பல்கள் அந்த மாதிரி எண்ணிலிருந்துதான் கூப்பிடும். புகார் சொன்னவர்களின் எண்களைப் புவனேஸ்வரன் கொடுத்திருந்தார். துளசி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிட்டாள். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவர்.

"வணக்கம் ஐயா, உங்க வீட்டு விசேஷம் சம்பந்தமா பேசறேன்."

"எந்தப் போலீஸ் ஸ்டேஷன்?"

"போலீஸ் இல்லைங்கய்யா. கெனோப்பிக் கடை."

"மொதல்ல கெனோப்பின்னுவீங்க. அப்புறம் பார்சல்னுவீங்க, அதுல கஞ்சா இருக்குன்னுவீங்க. என் அக்கவுண்ட்ல ஒண்ணும் இல்லம்மா. நீ வேற ஆளைப் பாரு."

அடுத்து ஓர் அம்மாள். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். துளசிக்கு நம்பிக்கை வந்தது.

"குரல் நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கு," என்றார் அந்த அம்மாள். "உழைச்சுச் சாப்பிடும்மா. இந்தத் தொழில் வேணாம்."

கடைசியாகச் சோதனைக்காக முதலாளி வீட்டுக்கே அடித்தாள். முதலாளி மனைவி புஷ்பவள்ளி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பிறகு கணவரை ஹேன்போனில் கூப்பிட்டு, துளசி குரலிலேயே பேசி ஏமாற்றுகிற ஒருத்தி கிளம்பியிருக்கிறாள், எச்சரிக்கையாக இருங்கள் என்று சொன்னார்.

"ரெண்டாவது வழிக்குப் போயிடலாம்," என்றார் புவனேஸ்வரன்.

இரண்டாவது வழியில் பழைய எண்ணே செயலிக்குள் வந்தது. டெலிபோன் கம்பெனி தன் பக்கத்திலிருந்து கோத்து விட்டது. மேசைமேல் இருந்த பழைய போனை நாதன் கழற்றி அலமாரியில் வைத்தான். அந்த இடத்தில் தூசியில்லாத ஒரு சதுரம் மிச்சமிருந்தது. துளசி அதன் மேல் பேனா ஸ்டாண்டை நகர்த்தி வைத்தாள்.

"இனிமே ஒரு கால் வந்தா எல்லாரோட ஹேன்போன்லயும் ஒரே நேரத்துல அடிக்கும். யாரு மொதல்ல எடுக்கறாங்களோ அவங்களுக்குப் போகும். தப்பவே தப்பாது," என்றான் நாதன்.

முதலில் எடுப்பதில் முனுசாமியை யாராலும் முந்த முடியவில்லை. கூடாரம் கட்டும்போது காதிலேயே இயர்போனை மாட்டியிருப்பார். பேச்சு வாடிக்கையாளரோடு, கவனம் கம்பத்தோடு.

"வணக்கம், புவனம் கெனோப்பி. தூக்கு தூக்கு. இன்னும் தூக்கு."

"நான் ஒண்ணும் தூக்கலையே," என்றது வாடிக்கையாளர் குரல்.

"இடது பக்கம் விட்டுடாதே. விட்டா தலையில விழும்."

அந்த வாடிக்கையாளர் போனை வைத்துவிட்டு, வீட்டுக் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததாகப் பிறகு தெரிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. சனிக்கிழமை ஒரு சாவு வீடு. பெரிய குடும்பம். புவனேஸ்வரன் தானே நேரில் போயிருந்தார். இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா நல்லா வாழ்ந்தவரு, தம்பி," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அலுவலகத்துக்கு ஒரு கால் வந்தது. முதலாளியின் சட்டைப்பையில் அடித்தது. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ஐந்து ஆட்களின் பைகளிலும் அடித்தது. செயலிக்கென்று ஒரு ராகம் உண்டு, துள்ளலான ராகம். ஆறு பேரிடமும் அது ஒரே தாளத்தில் கிளம்பியது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் பையைத் துழாவினார்கள்.

இறந்தவரின் மகன் கையை விடுவித்துக்கொண்டார்.

"மூணாவது வழி," என்றார் புவனேஸ்வரன் திங்கட்கிழமை.

பெட்டி வந்தது. பச்சை விளக்கு மினுக்கும் கறுப்புப் பெட்டி. சாமி படத்துக்குக் கீழே இடம் கொடுத்தார்கள். யாருக்கு எப்போது அடிக்க வேண்டும் என்பதை இனி நாமே எழுதலாம் என்றான் நாதன். ஆபீஸில் எடுக்காவிட்டால் கிடங்குக்கு, கிடங்கில் எடுக்காவிட்டால் ஆபீஸுக்கு என்று எழுதினான். எழுதியதில் எங்கோ ஒரு பிசகு. வெளியிலிருந்து கூப்பிட்டவரைப் பெட்டி நடுவழியில் இறக்கிவிட்டு, அலுவலகத்தையும் கிடங்கையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டது.

"வணக்கம், புவனம் கெனோப்பி, துளசி பேசறேன்."

"வணக்கம், புவனம் கெனோப்பி, முனுசாமி."

"என்னண்ணே, சொல்லுங்க."

"நீதானேம்மா கூப்பிட்ட. நீ சொல்லு."

"நான் கூப்பிடலையே."

வைத்தார்கள். மறுபடி அடித்தது. மறுபடி வணக்கம் சொன்னார்கள். காலை முழுக்க இப்படியே போயிற்று. மதியத்துக்குள் இருவரும் வணக்கத்தை விட்டுவிட்டார்கள்.

"பசியாறியாச்சா அண்ணே?"

"ஆச்சும்மா. ரொட்டி சானாய். நீ?"

"இங்கதான் மேசையிலயே."

"ஏன் மேசையில? முன்னெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போவியே."

துளசி சொன்னாள். போன் எடுப்பதில்லை என்று புகார் வருவதை, முதலாளி மெதுவாகச் சொன்னதை, மூன்று வழி மாறியும் அந்தப் புகார் மட்டும் போகாததை. நேற்றுகூட ஒரு பெரிய கல்யாணம் வேறு கடைக்குப் போய்விட்டது. 'நாள் பூரா அடிச்சோம், யாரும் எடுக்கல' என்றார்களாம். இன்னொன்று அப்படிப் போனால் மெஷின் குரலை வைத்துவிட்டு அவளைக் கிடங்குக்கு மாற்றலாமா என்று முதலாளி யோசிக்கிறாராம்.

"நீ எடுக்காம இருப்பேன்னு யாரு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணாலும் நான் நம்பமாட்டேன்," என்றார் முனுசாமி.

இத்தனை வருஷத்தில் இருவரும் நாற்காலிக் கணக்கைத் தவிர வேறு பேசியதில்லை. பெட்டி கெட்டுப்போனதில் அவளுக்கு முதல் தடவையாக ஒரு சின்னத் திருப்தி உண்டாயிற்று.

நாதனுக்கோ தூக்கம் போயிற்று. இரண்டு நாள் தலையைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, பெட்டியை அவனே தூக்கிக்கொண்டான். "இது நமக்கு வேணாம்க்கா. இவ்வளவு சின்ன கடைக்கு இது யானை. ரெண்டாவது வழிதான் சரி. எல்லாருக்கும் ஒண்ணா அடிக்க விட்டதுதான் என் தப்பு. மொதல்ல உங்களுக்கு அடிக்கட்டும். நீங்க எடுக்கலன்னா முனுசாமியண்ணனுக்கு. அவரும் எடுக்கலன்னா முதலாளிக்கு. அவ்வளவுதான்."

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமேப்பா."

"மொதல்லயே தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேன்க்கா."

அவள் கேட்டுக்கொண்டபடி பழைய போனைப் போலவே ஒரு மேசைப் போனும் வாங்கி அதில் பொருத்திக் கொடுத்தான். பேனா ஸ்டாண்ட் பழைய இடத்துக்கு நகர்ந்தது. புஷ்பவள்ளியைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் மணியிலேயே எடுத்து, "என்ன துளசி?" என்றார். பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் கூப்பிட்டார்கள், ஒருவருக்கு இருபது மேசை, ஒருவருக்கு வெறும் நலம் விசாரிப்பு. சத்தம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

புவனேஸ்வரன் எல்லாருக்கும் கோப்பியும் கறிபாப்பும் வாங்கி வந்தார். முனுசாமியும் ஒரு வேலையை முடித்துவிட்டுப் பாலத்தைக் கடந்து வந்து, புது லாரியை வாசலில் நிறுத்தியிருந்தார். நல்ல நாள்தான், கறிபாப் சூடாகவும் இருந்தது.

"இன்னைக்கு வரைக்கும் நடந்ததை விடு துளசி," என்றார் புவனேஸ்வரன். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்கு அவ்வளவுதான் வரும். "இனிமே ஒரு கால் தப்பாது."

சொல்லி வாய் மூடுவதற்குள் போன் அடித்தது. திரையில் பட்டர்வொர்த் பக்கத்து எண், யாருக்கும் தெரியாத எண். புது ஆர்டராகத்தான் இருக்க வேண்டும். எல்லாரும் கேட்கட்டும் என்று நாதன் ஸ்பீக்கர் பொத்தானைக் காட்டினான். துளசி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"வணக்கம், புவனம் கெனோப்பி, துளசி பேசறேன்."

"அப்பாடா, ஒரு வழியா கிடைச்சீங்களே," என்றது ஒரு பெண் குரல். களைப்பான, மரியாதையான குரல். "என் பேரு ரோசலின்மா. பாகான் டாலாம்ல இருக்கேன், டீச்சரா வேலை பார்க்கறேன். உங்க சரியான நம்பரைக் கண்டுபிடிக்க சர்ச்சுல நாலு பேரைக் கேக்க வேண்டியதாப் போச்சு."

"மன்னிச்சுக்குங்க டீச்சர். போன்ல கொஞ்சம் பிரச்சினை இருந்துச்சு. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு." துளசி பேனாவைக் கையில் எடுத்தாள். புவனேஸ்வரன் கறிபாப்பைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். "சொல்லுங்க, என்ன விசேஷம்? எத்தனை நாற்காலி வேணும்?"

"நாற்காலி எல்லாம் ஒண்ணும் வேணாம்மா, உங்க புது லாரியில பெருசா எழுதியிருக்கிறது எங்க வீட்டு நம்பரு, பகல்ல நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா அதை எடுக்க வீட்டுல ஆளில்ல, தயவுசெஞ்சு மாத்தி எழுதிடுங்க."