பஸ்ஸில் சீட்டு வாங்கிய கதவு

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கார் கதவை வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும்.

கார் அப்பாவுடையது. எண்பத்தஞ்சு மாடல் கான்டெஸா. திருவட்டாறில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிற மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள். படகு மாதிரி நீளம். எங்கள் தெருவில் அது திரும்பும்போது ஆட்கள் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். ஆசையில் இல்லை, வேறு வழி இல்லாமல்.

முந்தின மாதம் அப்பா சந்தைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பின்னால் பார்க்காமல் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். பின்னால் வந்த பஸ் கதவை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கதவு மட்டும் கொஞ்சம் தள்ளி ஒரு பழக்கடை வாசலில் நசுங்கிக் கிடந்தது.

அன்றிலிருந்து கதவு இருந்த இடத்தில் குறுக்காக ஒரு சிவப்பு நைலான் கயிறைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதில் உனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சாவி!

அண்ணனுக்கு லைசென்ஸ் வந்த அன்றைக்கே சாவி கொடுத்தார்கள். எனக்கு லைசென்ஸ் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் மஸ்கட் போய்விட்டான், சாவி மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்கும்போதெல்லாம் அது பெரிய வண்டி, உனக்கு எட்டாது என்பார் அப்பா. எது எட்டாது? பிரேக்கா, கிளட்சா, ரோடா?

பஸ் கதவைக் கொண்டுபோன பிறகு நான் சும்மா இருப்பேனா? பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தது யார், சாவி மறுக்கப்படுவது யாருக்கு என்று ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். கஞ்சி ஆறிப்போகும்வரை விடவில்லை. அம்மா எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் அப்பா சொன்னார். "நீ கதவு கொண்டு வா மக்களே. சாவி தாரேன்." எங்கள் பக்கம் ஒற்றை மகளும் மக்களேதான்.

மார்த்தாண்டம், நாகர்கோவில் எல்லாம் தேடிக் கதவு கிடைக்காத தைரியத்தில் சொன்ன வார்த்தை அது.

ஆனால் நான் எம்.ஏ. படிப்பது திருவனந்தபுரத்தில். அரசியல் அறிவியல். விடுதித் தோழி ஒருத்தி, பழைய வண்டிகளை உடைத்து விற்கிற ஒரு கடையைக் காட்டிக் கொடுத்தாள். உள்ளே போனால் சுவரில் சாய்ந்து நிற்கிறது, மெரூன் கலரில் கான்டெஸா டிரைவர் கதவு. எங்கள் வண்டி வெள்ளை. அதனால் என்ன, பெயின்ட் எதற்கு இருக்கிறது?

கடைக்காரர் முதலில் என் மலையாளத்தைக் கேட்டுவிட்டு, நாகர்கோவில் பக்கமா என்றார். சென்னைக்குப் போனால் என் தமிழைக் கேட்டுவிட்டு, கேரளாவா என்பார்கள். அதை விடுங்கள். எங்கள் வண்டி எண்பத்தஞ்சு மாடல், இது எந்த வருஷம் என்று கேட்டேன். தொண்ணூறுக்கு அப்புறம் வந்தது என்றார். அப்படியானால் பொருந்துமா என்றேன்.

"டோர் டோரல்லே மோளே?"

கதவென்றால் கதவுதானே என்கிறார். வகுப்பில் யார் என்ன சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவள் நான். இங்கேயும் கேட்டிருப்பேன். ஆனால் அதற்குள் அவர், வண்டியின் வருஷம் தெரிந்து பேசுகிற ஒரு பெண்ணை முதல்முறை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அதோடு என் மூளை ஆஃப். கதவைத் தூக்கச் சொன்னேன்.

ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோக்காரர் அதைப் பக்கவாட்டில் செருகி வைக்க, ஊரிலேயே கதவு வைத்த ஒரே ஆட்டோவாக அது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். எந்த விதி என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கால்மணி நேரம் பேசினோம், அதாவது நான் பேசினேன். சலித்துப்போய், இதுக்கும் ஒரு ஃபுல் டிக்கெட் எடுத்தால் ஏற்றிக்கொள் என்றார், நான் ஓடிவிடுவேன் என்று நினைத்து. எடுத்தேன். எடுத்துவிட்டு, ஃபுல் டிக்கெட் வாங்கிய பயணிக்கு சீட்டு உண்டல்லவா என்றேன்.

பஸ்ஸில் இரண்டு பேர், அந்தப் பிள்ளை சொல்வதும் நியாயந்தானே என்றார்கள். அது போதாதா எனக்கு? ஜன்னலோரம் கதவு, பக்கத்தில் நான். ஜன்னலுக்குள் ஒரு ஜன்னல்.

நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறியது. கடைசியாக ஒரு மீன்கார அம்மா. தேங்காப்பட்டணத்துக்காரி, மீன் விற்று முடித்துக் காலிச் சருவத்தோடு, அதாவது மீன் பாத்திரத்தோடு, வருகிறாள். கண்டக்டர் சருவத்தைப் பின்படி ஓரம் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

நான் முந்திக்கொண்டு, கதவுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று விளக்கினேன்.

"நானும் எனக்க சருவத்துக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டுதான் வாறேன். அதுக்கு ஒரு நாளும் சீட்டு தந்ததில்ல. ஒனக்க கதவு என்ன சாதி மக்களே?"

முந்தின வாரம்தான் சமத்துவம் பற்றிய பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தேன். அந்தப் பேச்சிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு வரி தேடிப் பார்த்தேன். இல்லை.

எழுந்து என் இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். சொந்த வாதத்தால் கதவுக்கு சீட்டு வாங்கிக் கொடுத்தவள், மிச்ச தூரம் முழுக்க நின்றுகொண்டு வந்தேன்.

அந்த அம்மாவுக்குக் கதவு பிடித்துப்போயிற்று. கண்ணாடிக் கைப்பிடியைச் சுற்றி ஏற்றினாள், இறக்கினாள். காத்து கொள்ளாம், நல்லா வருது என்றாள். பாறசாலை தாண்டியதும் உள்ளே டொக் என்று ஒரு சத்தம். இறங்கின கண்ணாடி பிறகு ஏறவில்லை. பரவாயில்ல, இனி சுத்த வேண்டாம்லா என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

களியக்காவிளை செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். கார் கதவில் முழங்கையை வைத்துக்கொண்டு, கார் ஓட்டுகிற தோரணையில் ஒரு மீன்கார அம்மா. அவர் வேறு யாரைக் கேட்பார்? வண்டி எங்கே என்று அவளைத்தான் கேட்டார்.

"பொறத்தால வருது சார்."

வண்டி பின்னால் வருகிறதாம். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நான் குறுக்கே போய், கதவு என்னுடையது என்றேன். பில் கேட்டார். கடைக்காரர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். இது திருட்டுக் கதவு என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், நான் இல்லை என்று ஆரம்பித்தேன்.

"கீழ இறங்கி நிரூபிக்கலாமாம்மா?"

கதவையும் என்னையும் இறக்கினார்கள். பஸ் நின்றது. கொஞ்ச நேரம் முன்னால் நான் சொல்வது நியாயம் என்ற அதே இரண்டு பேர் இப்போது, இவளுக்கு வாய் கூடுதல் என்றார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் மூன்றாவது வாதத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மீன்கார அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"சார், களவெடுக்கவ ஒத்தக் கதவையா எடுப்பா? நாலையும்லா எடுப்பா."

போலீஸ்காரர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போ என்று கையைக் காட்டினார். நான் படித்த படிப்பில் இப்படி ஒரு வாதம் இல்லை.

மார்த்தாண்டத்தில் அப்பா கயிறு கட்டிய வண்டியோடு நின்றார். கதவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, முன்னால் இருக்கிற அந்தச் சின்ன முக்கோணக் கண்ணாடி எங்கே என்று பைய கேட்டார். எங்கள் வண்டிக் கதவுகளில் அது உண்டு. இதில் இல்லவே இல்லை. ஒரே கண்ணாடிதான் முன்னேற்றம், இரண்டு எதற்கு என்றேன். அந்த ஒரு கண்ணாடியும் உள்ளே விழுந்து கிடப்பதை அப்போது சொல்லவில்லை.

மறுநாள் வொர்க்ஷாப்பில், வண்டியின் பாடியைத் தட்டி ஒட்டுகிற மெக்கானிக் அண்ணனும் கதவு கதவுதானே என்றுதான் ஆரம்பித்தார். கீல் பொருந்தியது. நான் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். பூட்டு, கொக்கியில் விழவில்லை. கொக்கியைத் தூக்கி வைத்தார், கதவின் அடி உரசியது. கதவை ஏற்றினார், கீழே விரல் நுழைகிற சந்து. அதைத் தட்டி ஒடுக்கினார், பக்கவாட்டு வெள்ளிப் பட்டை பின்கதவுப் பட்டைக்குக் கீழே இறங்கிப்போயிற்று. சாயங்காலம் அவரே, எண்பத்தஞ்சும் தொண்ணூறும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஒருவழியாகக் கதவு நின்றது. ஆனால் உள்ளேயிருந்து இழுத்தால் பூட்டாது. வெளியே நின்று, கைப்பிடிக்குக் கீழே ஓர் இடத்தில் இடுப்பால் ஓங்கி ஒரு இடி இடித்தால்தான் பூட்டும். பாடி அண்ணன் இடித்தார், ஒல்லி, ஆகவில்லை. நான் வெளியே வந்து இடித்தேன், உயரம் போதவில்லை. அப்பா இடித்தார். டப் என்று பூட்டிக்கொண்டது.

அப்பா சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை. அங்கேயே சாவியை என் கையில் வைத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். பிரேக் எட்டியது, கிளட்ச் எட்டியது. அப்பா வெளியே நின்று கதவை இடுப்பால் இடித்துப் பூட்டினார். பிறகு நிதானமாக வண்டியைச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் இதே வரிசைதான். சாவி என் கையில். கதவு அப்பா இடுப்பில்.