எஸ்டாப்பலும் ஒரு கொள்ளிச்சட்டியும்

துக்க வீட்டில் சட்டம் பேசுகிறவனை யாராவது வாயைப் பொத்தி வெளியே இழுத்துப்போக வேண்டும். என்னை இழுத்துப்போக அன்று ஆள் இல்லை.

பெரியாற்று அணை கட்டிக்கொண்டிருந்த காலம். பெரியகுளம் முனிசீப்பு கோர்ட்டில் நான் புதுக் குமாஸ்தா. மார்க்கையன்கோட்டையில் பிள்ளையில்லாத சித்தப்பா ஒருவர் (தூரத்துப் பங்காளி) வாந்திபேதியில் இறந்துபோனார். பாடை கட்டியாயிற்று, கொள்ளிச்சட்டியைத் தூக்கத்தான் ஆள் இல்லை. தூக்குகிறவன் மகனாகிவிடுவான், அவர் மனைவி சின்னாத்தாவுக்குச் சாகும்வரை கஞ்சி ஊற்ற வேண்டும். சித்தப்பா விட்டுப்போன சொத்தோ, கல் விளைகிற காடு.

அவருடைய அண்ணன் மகன்கள் இருவர் சட்டிக்கு இரு பக்கமும் நின்றார்கள்.

"நீதானப்பா மூத்தவன்."

"ஒன்னையத்தான அவுக தோள்ல தூக்கி வளர்த்தாக."

வெயில் ஏறியது. ஈ மொய்த்தது. கடைசியில் மூத்தவன் மனமிரங்கிக் குனிந்தான். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"எடுங்கண்ணே. சட்டத்துல இதுக்கு எஸ்டாப்பல்னு பேரு. பழைய பிரெஞ்சு வார்த்தை. ஓட்டைய அடைக்கிற தக்கைனு அர்த்தம். நம்ம செய்கைய நம்பி நாலு பேரு நடந்துட்டா, பெறகு மாத்திப் பேச முடியாது. நம்ம செய்கையே நம்ம வாய்க்குத் தக்கை. நாளைக்கு நீங்களே நெனச்சாலும் மகன் இல்லேனு சொல்ல முடியாது!"

(ஊக்கப்படுத்துவதாக நினைப்பு.)

மூத்தவன் நிமிர்ந்தான். "கோர்ட்டுக்காரவுகளே சொல்லிட்டாக. எனக்கு வேணாம்ப்பா." வேப்பமரத்தடிக்கு நடந்தான். இளையவன் அவனுக்கு முன்பே அங்கே போயிருந்தான்.

சட்டியில் நெருப்பு மங்கியது. அணைந்தால் ஆகாதே என்று, ஊதுவதற்காகத் தூக்கினேன். ஊதுவதற்காக மட்டும்.

சட்டி உயர்ந்ததைப் பார்த்ததும் சங்கு முழங்கிவிட்டது. கொட்டு அதிர்ந்தது. பாடை தோளேறியது.

"ஏலே, நிறுத்துங்கடா! ஊதத்தான் எடுத்தேன்!"

அதுவரை மூலையில் அழாமல் கிடந்த சின்னாத்தா எழுந்து வந்தாள்.

"ஏய்யா, தக்கைனு சொன்னியே. அது ஒனக்கும் உண்டுல்ல?"

சட்டப்படி அவள் வாதம் நிற்காது. இன்று பக்கம் பக்கமாக மறுத்து எழுதுவேன். அன்று சட்டியோடு பாடைக்கு முன்னால் நடந்தேன்.

மறுநாள் மொட்டைத் தலையோடு வீடு சேர்ந்தேன். அம்மா என் தலையைக் கண்டாள். அலறிக்கொண்டு உள்ளே ஓடி, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் மூக்கருகே கைவைத்துப் பார்த்தாள்.

காரியம் முடிந்ததும் சின்னாத்தா மூட்டையோடு வந்தாள். என் கல்யாணத்தைப் பார்த்தாள். என் பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். நான் எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும், "ஊதத்தானே?" என்று வீடே கேட்கும். முதல் குரல் அவளுடையதுதான்.

அவள் போன அன்று சட்டியில் நெருப்பு நன்றாகவே எரிந்தது. குனிந்து தூக்கினேன்.

அன்று மட்டும் யாரும் கேட்கவில்லை.